மழைப் புத்தகமும் மலையின் கணக்கும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்துச் சென்ற சில நாள்களின் பின்னர், வெளிநாட்டில் வாழும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த அனர்த்தம் பற்றிய செய்திகளையெல்லாம் அவர் படித்திருந்தார். "இவ்வளவு கணினிகள் இருந்தும் எந்த மலை சரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லையா?" என்று கேட்டார். பல மலைகளைப் பற்றி ஏற்கெனவே சொல்லப்பட்டுத்தான் இருக்கிறது என்றேன். "அப்படியானால் மனிதர்கள் ஏன் இன்னும் அங்கே இருந்தார்கள்?" என்பது அவரது அடுத்த கேள்வி. அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. இப்பதிவு அந்த இரண்டாவது கேள்விக்கானது.

பதிலை எனக்கு ஓரளவு பழக்கமான ஓர் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அவிசாவளையிலிருந்து ஹட்டனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது தெஹியோவிட்ட. பேருந்தில் செல்பவர்களுக்கு அது சில கடைகளும் ஒரு சந்தியும் மட்டுமே. அச்சந்தியில் பிரியும் வீதி சீதாவாக்கை கங்கையை ஒட்டித் தெரணியகலைக்கு ஏறுகிறது. இருமருங்கும் றப்பர்த் தோட்டங்கள். உயரே செல்லச் செல்லத் தேயிலை. களனிப் பள்ளத்தாக்குக்கென இட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியாக எட்டியாந்தோட்டை வரை சென்றது. அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இடைப்பட்ட அப்பகுதி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டு, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. தோட்டங்களும், அவற்றில் உழைப்போரின் லயங்களும், மழையும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

மழையைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து சிவனொளிபாதமலைத் தொடரில் மோதும் முகப்பில் இப்பிரதேசம் அமைந்திருக்கிறது. களனி கங்கையின் மேல்பகுதியில் ஆண்டுக்கு 4000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை பெய்யும் இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த நீர் முழுவதும் 145 கிலோமீற்றர் நீளமான களனி கங்கை வழியாகக் கொழும்புக்கே வந்து சேர வேண்டும். எனவேதான் நோர்வூட், கித்துல்கலை, தெரணியகலை, ஹொலொம்புவ, கிளென்கோர்ஸ், ஹங்வெல்லை ஆகிய இடங்களின் நீர்மட்டங்கள் கொழும்பு நாகலகம் வீதியின் நீர்மட்டத்தோடு சேர்த்து வாசிக்கப்படுகின்றன. 1947 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் தலைநகரின் தாழ்நிலங்கள் மூழ்கிய கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேலே தெரணியகலையில் எவ்வளவு பெய்தது என்பது கீழே கொழும்பு எப்போது மூழ்கும் என்பதற்கான விடை. மேலே இருப்பவனின் மழை கீழே இருப்பவனுக்குச் செய்தியாகிறது. இந்த வரலாற்றின் முதல் முடிச்சு அதுதான்.

காடு போன பின்னர்

மத்திய மலைநாட்டின் காடுகளைக் கோப்பிக்காக அழித்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைக் கொன்றது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. களனிப் பள்ளத்தாக்கு 1880களில் தேயிலையாலும், பின்னர் றப்பராலும் நிரம்பியது. பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த றப்பர்க் கன்றுகளின் வாரிசுகள் இப்பள்ளத்தாக்கின் சரிவுகளையெல்லாம் மூடின.

மூடின என்று எழுதினாலும் நிலம் உண்மையில் மூடப்படவில்லை. அக்காலத் துரைமாருக்குப் புல் என்றால் பகை. மரத்துக்கும் செடிக்கும் இடையில் ஒரு புல்லும் தெரியாதவாறு மண்ணைச் செதுக்கி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. செதுக்கிய மண்ணின்மேல் ஆண்டுக்கு 4000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் என்ன நடக்கும் என்பதை அறியப் பேராசிரியர் தேவையில்லை. ஆறு சிவந்து ஓடியது. மண்ணரிப்பை ஆராய அரசாங்கம் அமைத்த குழுவின் அறிக்கை 1931இல் சட்டவாக்கத் தொடர் ஆவணமாக வெளிவந்தது. மண் பேணற் சட்டம் வருவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. அது 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம்.

சட்டம் வருமுன்னரே மண்ணைக் காத்த ஒரு வேலை தோட்டத்தில் இருந்தது. அதற்குப் பெயர் கான் வெட்டு. சரிவுக்குக் குறுக்காக, நீர் மெல்ல நடந்து செல்லும் அளவுக்கு மட்டும் சாய்வு விட்டு, மலை நெடுக வெட்டப்படும் வடிகால்தான் கான். சாய்வு கூடினால் நீர் கானையே அரித்துவிடும். குறைந்தால் தேங்கி உடைத்துக்கொண்டு கீழே பாயும். கானுக்குள் இடைக்கிடை குழிவிட்டு மண்ணைத் தங்கவைத்து, அந்த மண்ணைத் திரும்ப அள்ளிச் செடியடியில் போடுவார்கள். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த இவ்வேலைக்குத் தேயிலைக் கொழுந்துக்கும் றப்பர்ப் பாலுக்கும் உள்ள புகழ் கிடைத்ததில்லை. கொழுந்தைப் பற்றிப் பாட்டு உண்டு. கானைப் பற்றி நான் கேட்டதில்லை.

பிற்காலத்தில் இந்நாட்டின் மத்திய மலைப்பகுதியில் செய்யப்பட்ட அளவீடுகள் அவ்வேலையின் மதிப்பை எண்களில் காட்டின. பேணல் முறைகள் இல்லாத பழைய விதைத் தேயிலை நிலத்தில் ஹெக்டேயர் ஒன்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 40 தொன் மண் கழுவப்பட்டது. நன்கு பராமரித்த, நெருக்கமாக மூடி வளர்ந்த தேயிலையில் அது ஒரு தொன்னுக்கும் குறைவு. மழையும் மலையும் அதேதான். வேறுபட்டது மனிதக் கை.

மழைப் புத்தகம்

நான் நிருபராக இருந்த காலத்தில் தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் காரியாலயத்தில், ஏதோ வேறு செய்திக்காகக் காத்திருந்தபோது, பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டக் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் காலையில் மழைமானியில் அளந்த நீரை அங்குலத்தின் நூறில் ஒரு பங்குவரை எழுதிவைத்த புத்தகம் அது. மழை இல்லாத நாளுக்கு ஒரு சிறு கோடு. மையின் நிறம் மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, ஆண்டு மாறுகிறது. ஆனால் ஒரு நாள்கூட வெறுமையாக விடப்படவில்லை. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.

அந்தக் கவனத்துக்குக் காரணம் விஞ்ஞான ஆர்வம் அல்ல. றப்பர்த் தோட்டத்தில் மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு இல்லை. மழை எத்தனை நாள் பெய்தது என்பதில் தோட்டத்தின் வருமானமும் தொழிலாளியின் பேரும் அடங்கியிருந்தன. பேர் என்பது தோட்டத் தமிழில் ஒரு நாட் சம்பளம். ஆகவே மழையைச் சரியாக அளந்தார்கள். இவ்வாறு நாடெங்கும் தோட்டக் காரியாலயங்களின் முற்றங்களில் நின்ற மழைமானிகளின் பதிவுகள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைவீழ்ச்சித் தரவுகளில் பெரும் பங்கை வகிக்கின்றன. இலங்கை மலைநாட்டின் நீரையும் மண்ணையும் பற்றி ஆய்வு செய்பவர் எவராயினும் ஏதோவொரு தோட்டத்தின் பெயரைத் தமது அட்டவணையில் எழுதாமல் இருக்க முடியாது. அந்தத் தோட்டத்தில் மழைமானியை நாள்தோறும் கவிழ்த்து நிமிர்த்தியவரின் பெயர் அட்டவணையில் வராது.

மலையைக் கணக்கில் எழுதியவர்கள்

உலகம் மலையையும் ஆற்றையும் கணக்காக எழுதத் தொடங்கிய வரலாறு கணினிக்கு முந்தியது. ஒரு நீரேந்துப் பிரதேசத்தின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளியும் வாயிலை வந்தடைய எடுக்கும் நேரமே வெள்ளத்தின் உச்சத்தைத் தீர்மானிக்கிறது என்று அயர்லாந்துப் பொறியியலாளர் மல்வெனி 1851இல் எழுதினார். 1930களில் அமெரிக்காவின் சமவெளிகளில் மண் தூசியாகப் பறந்து விவசாயிகள் ஊர்விட்டு ஓடியபோது, அங்கு மண் பேணலுக்கென ஓர் அரச சேவை 1935இல் உருவாயிற்று. அங்கே சிறு சிறு பாத்திகளில் பல்லாண்டுகள் அளந்த தரவுகளைத் திரட்டி, விஷ்மையரும் ஸ்மித்தும் 1965இல் வெளியிட்டதுதான் பொது மண்ணிழப்புச் சமன்பாடு.

அந்தச் சமன்பாடு எளிமையானது. மழையின் தாக்கம், மண்ணின் இளக்கம், சரிவின் நீளமும் செங்குத்தும், பயிரின் மூடல், பேணல் முறை ஆகியவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் ஆண்டுக்கு இழக்கும் மண் கிடைக்கும். முதல் மூன்றும் இயற்கையின் கணக்கு. கடைசி இரண்டும் மனிதரின் கணக்கு. கான் வெட்டும் கல் அடுக்கும் அந்தக் கடைசி எண்ணுக்குள் இருக்கின்றன. கானை வெட்டாமல் விட்டால் அந்த எண் ஒன்று. நன்றாக வெட்டினால் ஒன்றில் ஒரு பின்னம். எத்தனையோ குடும்பங்களின் உழைப்பு ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அதைக் குறைவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். தொழிலாளியின் மண்வெட்டிக்குச் சமன்பாட்டில் ஓர் இடம் தந்த விஞ்ஞானம் மதிக்கத்தக்கதே.

1966இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் க்ரோபோர்ட், லின்ஸ்லி ஆகிய இருவரும் ஒரு நீரேந்துப் பிரதேசம் முழுவதையும் கணினிக்குள் கொண்டுவந்தனர். மழை விழுகிறது, ஒரு பகுதி இலையில் தங்குகிறது, ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது, மீதி ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்கு நீரை ஊற்றிக் கணக்கெடுப்பது போன்ற முறை அது. பின்னர் மலையைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் சரிவையும், மேலிருந்து அதற்கு வந்து சேரும் நீரையும் கணிக்கும் முறைகள் வந்தன. மொண்ட்கோமரி, டீட்ரிச் என்ற இரு அமெரிக்கர்கள் 1994இல் வெளியிட்ட முறை மண்சரிவுக்கே உரியது. மண்ணைக் கீழே இழுக்கும் விசையும் அதைப் பிடித்து நிற்கும் விசையும் ஒவ்வொரு சதுரத்திலும் ஒப்பிடப்படுகின்றன. மண் துளைகளில் நீர் நிரம்பும்போது பிடிமானம் தளர்கிறது. இழுவை மேலோங்கும் சதுரம் சிவப்பாகிறது.

இப்படித் தனித்தனியாக எழுதப்பட்ட ஆறு, மலை, கடற்கரைக் கணக்குகளை ஒன்றோடொன்று பேசவைப்பதற்கென 2007இல் கொலராடோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஒரு கூட்டமைப்பு உருவானது. அவர்கள் பின்னர் ஒரு பெரிய குறையை உணர்ந்தார்கள். பூமியின் மேற்பரப்பை இன்று அதிகம் மாற்றுவது மனிதர். அவர்களோ கணக்குக்கு வெளியே நின்றார்கள். மனிதரையும் கணக்குக்குள் கொண்டுவருவது எப்படி என்பதே அத்துறையில் இன்றைய பெரிய கேள்வி. கேகாலை மலைகளைப் பார்த்த எவருக்கும் இக்கேள்வி புதிதல்ல.

நூற்றுக்குப் பதினைந்து

இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் ஆரம்பிக்கப்பட்டது. 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த சரிவுகளும், 1989 ஜூனில் கேகாலையும் அயல் மாவட்டங்களும் கண்ட பேரழிவும் அரசை அசைத்தன. 1989இன் வெள்ளத்திலும் சரிவிலும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1990இல் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்ட உதவியோடு மண்சரிவு அபாய வரைபடத் திட்டம் தொடங்கியது. முதலில் பதுளையும் நுவரெலியாவும். பிறகு கேகாலை, இரத்தினபுரி உட்படப் பத்து மாவட்டங்கள்.

வரைபடம் ஆறு காரணிகளுக்குப் புள்ளியிட்டது. மொத்தம் நூறு. சரிவுக்கு 25, பாறைக்கும் அதன் அமைப்புக்கும் 20, நீரோட்டத்துக்கு 20, நிலப் பயன்பாட்டுக்கும் முகாமைத்துவத்துக்கும் 15, மண் படைக்கு 10, நிலவுருவத்துக்கு 10. களத்தில் நடந்து நடந்து சேகரித்த தகவல்களைக் கூட்டி, பிரதேசங்களை அபாயம் குறைந்ததிலிருந்து மிகுந்தது வரை நிறம் தீட்டினார்கள். அதனோடு மழை எல்லைகளும் வகுக்கப்பட்டன. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள். 100 என்றால் செம்மஞ்சள். 150ஐ எட்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். வசதி குறைந்த ஒரு நாட்டில் நேர்மையான உழைப்பால் உருவான ஒரு முறை இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் வரைபடத்தின் அளவைக் கவனிக்க வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த தாளில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 மீற்றர். பத்துக் காம்பராக்கள் கொண்ட ஒரு லயம் 35 மீற்றர் நீளம் என்று வைத்தால், தாளில் அது ஒரு மில்லிமீற்றரையும் எட்டாது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பிற்பாடு வரைந்த தாள்களில் அது மூன்றரை மில்லிமீற்றர். கணினிக்குக் கிடைத்த நிலமும் அப்படித்தான். 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் கொண்டு அளந்த உலக உயரத் தரவுகளே நீண்ட காலம் நம்மவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தவை. முதலில் 90 மீற்றர்ச் சதுரம்; பின்னர் 30 மீற்றர்ச் சதுரம். ஒரு லயத்தை, அதன் முற்றத்தை, கோயிலை, மரக்கறித் தோட்டத்தை ஏறத்தாழ முழுதாக விழுங்கும் சதுரம் அது.

அந்தச் சதுரத்துக்குள் எது மறைகிறது? லயம் கட்டப்பட்ட முறை மறைகிறது. தேயிலைக்கும் றப்பருக்கும் நல்ல நிலத்தை ஒதுக்கிய பின்னர் மிஞ்சிய சரிவில், மலையை நிமிர்த்தி வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிச் சமப்படுத்தி எழுப்பிய லயங்கள் அவை. அடுப்படிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்த வெட்டுச் சுவர் கணினியின் கண்ணில் இல்லை. அதற்கு மேலே முப்பது அடியில் ஓடும் கான் தூர்ந்து கிடப்பதும் இல்லை. நூற்றுக்குப் பதினைந்து புள்ளி பெற்ற மனிதரின் பங்கு, ஒரு லயத்தின் பின்புறத்தில் நின்று பார்த்தால் நூற்றுக்கு எண்பதாகத் தோன்றுகிறது.

களுப்பஹனைக்குப் பின்

2016 மே 17ஆம் திகதி மாலை அரநாயக்கையில் சாமசரகந்த சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் அல்லது காணாமற்போயினர். உலகத்தின் கண் அங்கேயே இருந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹனைத் தோட்டத்தில் லயத்தின்மேல் மலை இறங்கி 16 பேரைப் புதைத்தது. தெஹியோவிட்டவிலிருந்து அது அதிக தூரமில்லை. அப்போது தெஹியோவிட்டவையும் வெள்ளம் சூழ்ந்திருந்தது. வெள்ளம் வடிந்த சில நாள்களில், மழைப் புத்தகம் பார்த்த அதே மலைப்பக்கத்துக்கு நான் மீண்டும் சென்றேன்.

லயத்தின் திண்ணையில் எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். நாற்பது ஆண்டுகள் கான் வெட்டியவர் என்று அயலவர்கள் சொன்னார்கள். "மலை ஏன் எறங்குதுன்னு நெனைக்கிறீங்க, ஐயா?" என்று கேட்டேன்.

"மலை ஒரு நாள்ல எறங்குறதில்ல, தம்பி. முன்ன எல்லாம் வருசா வருசம் கான் அள்ளுவோம். இப்ப ஆளு இல்ல, கான் மூடிப்போச்சு. தண்ணிக்குப் போக வழி வேணும். வழி இல்லாட்டி மண்ணுக்குள்ள போகும். உள்ள போன தண்ணி வெளிய வரும்போது மண்ணையும் கூட்டிக்கிட்டு வரும்" என்றார்.

மண் துளை நீரழுத்தம் பற்றி 1994ஆம் ஆண்டின் சமன்பாடு சொல்வதும் இதுவே. எனினும் அவர் சொல்லாத ஒன்றையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். மண்ணரிப்பைத் தடுக்க நீரை மலையிலேயே தங்கவைக்க வேண்டும். மண்சரிவைத் தடுக்க நீரை மலையிலிருந்து விரைவாக இறக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். எந்தச் சரிவில் எதைச் செய்வது என்பதற்கு அனுபவம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். பெரியவரின் அறிவையும் கணினியின் கணக்கையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்திருக்க வேண்டியவர்கள் அதைச் செய்யவில்லை என்பதுதான் குறை.

அன்று அந்த லயத்தின் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. அபாயகரமான இடம், மழை பெய்தால் வெளியேறவும் என்பது அதன் சாரம். தனிச் சிங்களத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவரிடம் கேட்டேன். "கவனமா இருக்கச் சொல்லியிருக்காம்" என்றார். எந்த அலுவலகம் ஒட்டியது என்பதை இங்கு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. வாசிக்க முடிந்த பேத்தி பாடசாலைக்குப் போயிருந்தாள். அவளுக்காகத் தான் காத்திருப்பதாகவும் சொன்னார்.

எங்கே போவது?

இப்போது என் நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை பிழைக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கு சரியாக இருந்தது. அங்கே உயிர் தப்பியவர்கள் மாக்கல்தெனியவின் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் காத்திருந்து, 2016இன் பிற்பகுதியில்தான் வீடுகளுக்குச் சென்றனர்.

அபாய வரைபடம் "வெளியேறு" என்கிறது. ஆனால் வெளியேறுவதற்கு இன்னொரு நிலம் இருக்க வேண்டும். கிராமத்து விவசாயிக்கு அயலில் உறவினரின் காணியாவது உண்டு. லயத்தில் வாழும் குடும்பத்துக்குத் தான் நிற்கும் நிலமே சொந்தமில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்கு மாறியபோதும், காணி கைமாறிய எந்தக் கட்டத்திலும் அதில் குடியிருந்தவர் கணக்கில் எடுக்கப்படவில்லை. லயத்தை விட்டால் வேலை போகும், வேலையை விட்டால் லயம் போகும் என்ற அச்சத்தில் வாழ்பவரிடம் செம்மஞ்சள், சிவப்பு என்று சொல்வதில் பயன் குறைவு. அண்மைக் காலத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் என்ற திட்டம் வந்தது. அது வரவேற்கத்தக்கது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று தேவை என்பதால், இங்கே கணினியின் கணக்கு முதன்முறையாகத் தொழிலாளியின் பக்கம் நின்று, பாதுகாப்பான நிலத்தைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பும் உண்டாயிற்று. ஆனால் பாதுகாப்பான நிலம் பெரும்பாலும் நல்ல தேயிலை நிலமாகவே இருக்கிறது. அதை விட்டுக்கொடுப்பதா என்பது எந்த மென்பொருளும் தீர்க்காத வினா.

மலையையும் மழையையும் கணக்கில் எழுதிவிடலாம். காணி உறுதி இல்லாததை எந்தச் சமன்பாட்டின் எந்த மாறியாக எழுதுவது? விஞ்ஞானிகள் தேடும் மனிதப் பங்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. தெஹியோவிட்ட மலைகளில் ஒரு குடும்பம் ஏன் அபாயமான சரிவில் தூங்குகிறது என்பதற்கு விடை மண் படையின் தடிப்பில் இல்லை. காணிக் கச்சேரியின் கோப்புகளில் இருக்கிறது.

இதனால் கணினிக் கணக்கு வீண் என்று சொல்ல வரவில்லை. நேர்மாறாக, அது மேலும் நுணுக்கமாக வேண்டும் என்கிறேன். லயத்தின் பின்சுவர் தெரியும் அளவுக்கு நிலத்தை அளக்க வேண்டும். கான்களின் நிலையை ஆண்டுதோறும் பதிய வேண்டும். அதற்குக் கான் வெட்டியவர்களையே அமர்த்த வேண்டும். எச்சரிக்கை தமிழிலும், தோட்டத்தில் பேசும் தமிழிலும் வர வேண்டும். சிவப்பு நிறம் தீட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, அம்மக்கள் போய்க் குடியேறக்கூடிய பச்சை நிற இடம் ஒன்றையும் காணி உறுதியோடு காட்ட வேண்டும்.

சில தோட்டங்களிலும் கிராமங்களிலும் இப்போது எளிமையான மழைமானிகளை மக்களிடமே கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனக் கோடிட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். முன்னர் காரியாலய முற்றத்தில் துரையின் கணக்குக்காக நின்ற மழைமானி, இப்போது லயத்தின் முற்றத்தில் அங்கே வாழ்வோரின் உயிருக்காக நிற்கிறது. இருநூறு ஆண்டு வரலாற்றில் இது சிறிய மாற்றமல்ல. ஆனால் நள்ளிரவில் நீர் சிவப்புக் கோட்டைத் தொடும்போது, குழந்தைகளை எழுப்பிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்பதை அந்தக் குழாய் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது அரசாங்கம்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவருடைய பேத்தி ஆசிரியையாகிவிட்டாள் என்று அறிகிறேன். அவர்களுடைய லயம் இன்னும் அதே சரிவில்தான் இருக்கிறது.